முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி பத்து

ஒரு சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது என்று பதினாறு பக்கத்துக்கு விளக்கம் எழுதி முடித்த பிறகுதான் அந்த சாஃப்ட்வேரை நான் முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். இதை வெளியே சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நாமக்கல்லில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு என் மச்சான் மூலமாக விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

என் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. இருபது வருஷமாக நான் பார்த்த வேலையே அப்படிப்பட்டது. இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு வினா விடை வழிகாட்டிகள் எழுதிக் கொடுத்தேன். தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று எழுதுகிறவன் தவளையை அறுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தப் பள்ளியும் நிபந்தனை போட்டதில்லை. பாடப்புத்தகம் சொன்னதை நான் சொன்னேன், நான் சொன்னதைப் பிள்ளைகள் சொன்னார்கள், தவளையைத் தவிர எல்லோரும் திருப்தியாக இருந்தோம்.

பிறகு பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்த 'மெட்டீரியல்' தயாரிக்க ஆரம்பித்தன. எனக்கு வேலை நின்றது. ஐம்பத்து மூன்று வயதில், கைக்கு வேலை இல்லாமல் போனதும் கால் ஆட ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும், எழுந்தால் நடக்கும். அலமாரியில் இருந்த புத்தகங்களை ஆசிரியர் வாரியாக அடுக்கினேன், பிறகு உயர வாரியாக, பிறகு நான் முழுசாகப் படித்தவை, படித்ததாகச் சொல்லிக்கொண்டவை என்று இரண்டாக. இரண்டாவது வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் பழையபடி உயர வாரியாகவே வைத்துவிட்டேன். காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல், திருச்செங்கோடு பஸ்ஸின் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். "ஏனுங்க, ஒரு எடத்துல உக்காருங்க. உங்களப் பாத்துட்டே பேப்பர் திருத்துனா எனக்குக் கூட்டல் தப்பிப் போகுது" என்றார்.

அப்படி உட்கார்ந்த ஒரு நாளில்தான் அந்த வலைப்பக்கம் கண்ணில் பட்டது. சின்னக் கோழிப்பண்ணைகள் தினசரிப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வதற்கான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். அதாவது யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே கையை விட்டுத் திருத்தலாம். நாலைந்து நாட்டுக்காரர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு வரி: 'எங்களுக்கு உதவ நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எழுதத் தெரிந்தால் போதும். எங்கள் டாக்குமெண்டேஷனுக்கு ஆள் தேவை.'

எழுதத் தெரிந்த ஆள் தேவை என்று உலகத்தில் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறது! அதுவும் கோழிப்பண்ணை விஷயத்தில், அதுவும் நாமக்கல்காரனிடம். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

முதல் நாள் பங்களிப்பைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆங்கில வழிகாட்டியின் இரண்டாம் பக்கத்தில் ஒரே இடத்தில் 'தி' என்ற சொல் இரண்டு தடவை அடுத்தடுத்து வந்திருந்தது. ஒன்றை எடுக்க வேண்டும். சும்மா எடுத்துவிட முடியாது. கணக்கு ஒன்று தொடங்கி, மொத்தத் திட்டத்தையும் என் பெயரில் ஒரு நகல் எடுத்து, அதில் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று ஒரு குறிப்பு எழுதி, 'இதை ஏற்றுக்கொள்வீர்களா?' என்று விண்ணப்பிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் ஒரு மணிக்கு அந்த 'தி'யைப் பிடுங்கி முடித்தேன். சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்தேன். கை கழுவிவிட்டுப் பார்த்தேன். கழுவுவதற்கு நடுவிலும் பார்த்தேன். சாயங்காலம் திட்டத்தைப் பராமரிக்கிறவரிடமிருந்து பதில் வந்தது: 'நன்றி. சேர்த்தாயிற்று.'

அந்தப் பராமரிப்பாளரைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. ஏதோ குளிர் நாட்டுப் பெண்மணி என்பது மட்டும் தெரியும். மூன்று வரிக்கு மேல் எழுத மாட்டார்.

மனைவி பள்ளியிலிருந்து வந்ததும், "சர்வதேசத் திட்டம் ஒண்ணுல என்னோட வேலைய ஏத்துக்கிட்டாங்க" என்றேன்.

"அப்பிடிங்களா! என்ன எழுதுனீங்க?"

"எழுதல. ஒரு வார்த்தைய எடுத்தேன்."

"நல்லதுங்க. அப்பிடியே பழகிக்கோங்க."

நான் பழகிக்கொள்ளவில்லை. அடுத்த நாளே தமிழில் முழு வழிகாட்டி எழுதித் தருவதாக அறிவித்துவிட்டு, பதினாறு பக்கம் எழுதினேன். ஆங்கில வழிகாட்டி பக்கத்தில் திறந்திருந்தது, அதிலிருந்த படங்கள் இருந்தன, என் நடை இருந்தது; சாஃப்ட்வேர் எதற்கு? முதல் மூன்று பக்கம் முன்னுரை. மனிதனும் கோழியும் எப்போது சந்தித்தார்கள், யார் யாருக்கு அதிகம் கடமைப்பட்டவர்கள் என்றெல்லாம் விசாரித்திருந்தேன். நான்காம் பக்கத்தில் 'உள்ளீட்டுப் பெட்டியில் தரவினை இடுக' என்று விஷயத்துக்கு வந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

பராமரிப்பாளரின் பதில்: 'நன்றி. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எந்த வெர்ஷனில் சோதித்தீர்கள்? பண்ணையில் வேலை செய்யும் ஒருவர் இதை வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தாரா?'

அன்றைக்குத்தான் சாஃப்ட்வேரை இறக்கித் திறந்தேன். ஆங்கில வழிகாட்டியின் படங்கள் இரண்டு வெர்ஷன் பழையவை. 'வலது மூலையில் மரகதம் போல் ஒளிரும் பொத்தான்' என்று நான் எழுதியிருந்தது இப்போது இடது பக்கம் வந்து நீலமாகியிருந்தது. ஏழாம் பக்கம் முழுக்க நான் விவரித்திருந்த திரை அந்த சாஃப்ட்வேரிலேயே இல்லை.

நடந்ததை ஒருவாறு மென்று விழுங்கி எழுதினேன். அவர் திட்டவில்லை. 'பரவாயில்லை. நிஜமாகப் பயன்படுத்தப் போகிற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். வழிகாட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பேசாதீர்கள், கை காட்டாதீர்கள். எங்கே நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.'

பேசாமல் உட்காருவதா! நானா!

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பரமத்தி ரோட்டில் பண்ணை வைத்திருக்கிறார். நாலு ஷெட்டு, ஷெட்டுக்குப் பத்தாயிரம் கோழி. ஏதோ கண்காட்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கும் என்னைப் போலவே இருப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று லேப்டாப் வாங்கி ஆபீஸ் அறையில் உறை போட்டு வைத்திருந்தார். நான் இலவச சாஃப்ட்வேரோடும் தமிழ் வழிகாட்டியோடும் போய் நின்றதும் கட்டிப்பிடிக்காத குறைதான்.

பதிவேடு எழுதுகிறவர் ஓர் அம்மா. எடப்பாடிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், புருஷனுக்கு இங்கே தீவன மில்லில் வேலை கிடைத்ததும் குடிவந்து, பதினொரு வருஷமாக நாலு ஷெட்டின் பதிவேட்டையும் கையால் எழுதுகிறார். எத்தனை முட்டை, எத்தனை மூட்டை தீவனம், எத்தனை கோழி செத்தது என்று எல்லாம். மச்சான் அவர் எதிரிலேயே என்னிடம் சொன்னார்:

"ஒண்ணாந்தேதியிலருந்து நோட்டு கெடையாதுங்க மாப்ள, எல்லாம் கம்ப்யூட்டரு. இந்தம்மாவுக்கு வந்துச்சுன்னா சரி. வரலீன்னா காலேஜு முடிச்ச புள்ளைக ஏகப்பட்டது சும்மா இருக்குதுக, ஒண்ணக் கூட்டியாந்துக்கலாம். இந்தம்மா முட்டை பொறுக்கப் போயிக்கிட்டும்."

அந்த அம்மா தலையைத் தூக்காமல் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். முட்டை பொறுக்குவது என்றால் கூண்டு வரிசைகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு நாளெல்லாம் நடை. அது அவரால் ஒரு வாரம்கூட முடியாது. அது மச்சானுக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆக, அந்த நாற்காலி போனால் அவருக்குப் பண்ணையில் வேலையே போன மாதிரிதான். ஒண்ணாந்தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் கவலைப்படவில்லை. காப்பாற்றத்தான் நான் வந்திருக்கிறேனே, பதினாறு பக்கத்தோடு.

முதல் நாள் வழிகாட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் முடிந்தது. கோழி இன்னும் காட்டை விட்டு வெளியே வரவில்லை.

"ஏனுங்க சார்," என்றார், "கோழி எப்பிடி வந்துச்சுன்னு எதுக்குங்க? நம்முளுது ஓசூர்ப் பக்கமிருந்து வேன்ல வந்துச்சுங்க."

நான் பேசக் கூடாது. சிரித்தேன்.

"இத எங்க தட்டறதுன்னு போட்டிருக்குதுங்களா இதுல?"

சிரித்தேன்.

"வாயில ஏதாச்சும் புண்ணுங்களா சார்?"

நோட்டில் குறித்தேன்: 'பக்கம் ஒன்று, நின்றார். பக்கம் இரண்டு, நின்றார். பக்கம் மூன்று, டீ குடிக்கப் போனார்.'

பஸ்ஸில் திரும்பும்போது முன்னுரையைக் கிழித்தேன். நெஞ்சில் ரத்தம் வடிந்தது என்று எழுதலாம், ஆனால் அந்தமாதிரி வாக்கியங்களைத்தான் கிழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் ஒன்பது பக்கம். அதற்கடுத்து ஆறு. காலையில் பண்ணை, மத்தியானம் வீடு, எழுதி, அச்செடுத்து, மறுபடி பஸ். போகும்போதும் வரும்போதும் மடியில் பேப்பரை வைத்து வரிகளை அடித்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்னை விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் என்று நினைத்து, தங்கள் பிள்ளையின் பிளஸ் டூ மார்க்கைச் சொல்லி யோசனை கேட்டார்கள். வீட்டில் என்மேல் கோழிப்பண்ணை வாசம் அடிப்பதாக மனைவி சட்டையைத் தனியாக ஊறப்போட்டார்.

மூன்று பக்கம் ஆனபோது அந்த அம்மா முதல்முறையாக நிற்காமல் போனார். லேப்டாப்பைத் திறந்தார், சாஃப்ட்வேரைத் திறந்தார், ஷெட்டைத் தேர்ந்தெடுத்தார். 'உள்ளீட்டுப் பெட்டியில் தரவினை இடுக' என்பது இப்போது 'இன்று எடுத்த முட்டைகளின் எண்ணிக்கையை இங்கே எழுதவும்' என்று ஆகியிருந்தது. அந்த வாக்கியத்தில் எனக்குப் பெருமை. இதற்குமேல் ஒரு வாக்கியம் தெளிவாக இருக்க முடியாது.

அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவருடைய பதிவேடு பக்கத்தில் திறந்தேதான் இருந்தது. முட்டை என்ற பத்தியில் வரிசையாக 311.28, 312.10, 310.05 என்று எழுதியிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'அடடா, இரண்டு தசம இடம்வரை சுத்தமாக வைத்திருக்கிறார்களே' என்று வியந்தேன். முட்டையில் பத்தில் ஒரு பாகத்தைக் கோழி எப்படிப் போடும் என்று என் மூளை கேட்கவில்லை. ஏதோ சராசரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்தான். ஆனால் பேசக் கூடாது என்று உத்தரவு. பேசாமலிருப்பதில் அப்போது எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டிருந்தது.

ஏழாவது நாள் மச்சான் தானே வந்து பின்னால் நின்றுகொண்டார். "எங்கம்மா, போடு பாக்கலாம்."

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழிகாட்டியை ஒரு வரி படிப்பார், ஒரு தட்டு தட்டுவார். ஒன்றாம் நம்பர் ஷெட்டு. தேதி. முட்டை எண்ணிக்கை. பதிவேட்டைப் பார்த்து, ஒற்றை விரலால், மூன்று, ஒன்று, இரண்டு, புள்ளி, ஒன்று, பூஜ்யம். நான் பக்கத்திலேயே இருந்தேன். புள்ளியைக்கூடத் தேடாமல் அமுக்குகிறாரே என்று பூரித்துப் போனேன். நீலப் பொத்தானை அமுக்கினார்.

திரை முழுக்கச் சிவப்பு. 'உற்பத்தி: 3 சதவீதம். உடனடியாகக் கவனிக்கவும்.'

"மூணா?" என்றார் மச்சான். "பத்தாயிரம் கோழியில முந்நூறு முட்டையா?"

அன்று காலையில் அந்த ஷெட்டின் முட்டை வேனில் ஏறியதை அவரே நின்று பார்த்திருந்தார். பார்த்தவர்தான் செருப்பைப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினார். கண்ணால் கண்டதைத் திரை மறுத்தால் எதை நம்புவது என்பதில் இப்போது யாருக்கும் குழப்பமில்லை. ஓடும்போதே டாக்டருக்குப் போன் போட்டு, "சீக்கு வந்துருச்சு போலிருக்குதுங்க டாக்டரு" என்று கத்தியது கேட்டது. பத்தாயிரம் கோழியும் நலமாகக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. வேர்த்து, தலையில் ரெண்டு இறகோடு திரும்பி வந்தார்.

"சரி விடும்மா," என்றார். கத்தியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல. ஒண்ணாந்தேதிக்கு நான் ஆளு பாத்துக்கறேன்."

அவர் போனதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "புஸ்தகத்துல இருக்கறபடிதானுங்க போட்டேன். என்னங்க தப்பு?"

ஒரு வாரத்தில் நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "உங்க தப்பு இல்லீங்கம்மா. சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு."

வீட்டுக்கு வந்து பராமரிப்பாளருக்கு ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். மென்பொருள் எழுதுகிறவர்களின் அலட்சியம், ஏழை நாடுகளின் உழைப்பாளிகள், இதெல்லாம் அதில் வந்தது. எழுதிவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். காலையில் பதில் இருந்தது.

'அவர் என்ன எண்ணைத் தட்டினார்?'

312.10 என்று அனுப்பினேன்.

'அதற்கு என்ன அர்த்தம்?'

நல்ல கேள்விதான். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

அந்த அம்மா நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார். லேப்டாப் உறைக்குள் போய்விட்டது. "ஏனுங்கம்மா, இந்த முந்நூத்திப் பன்னண்டு புள்ளி பத்துன்னா என்னங்க?"

கேலி செய்கிறேனோ என்று பார்த்தார். "முந்நூத்திப் பன்னண்டு அட்டை, பத்து முட்டைங்க."

"அட்டை?"

"அட்டைங்க சார். முப்பது முட்டை அடுக்கறமே, அந்த அட்டை. புள்ளிக்கு இந்தப் பக்கம் அட்டை, அந்தப் பக்கம் சில்லறை. சில்லறை முப்பதாச்சுன்னா இந்தப் பக்கம் ஒண்ணு ஏறிக்கும். இந்தப் பக்கத்துப் பண்ணையில அல்லாரும் இப்பிடித்தானுங்க எழுதுவாங்க."

"ஆனா முட்டைகளோட எண்ணிக்கைன்னு போட்டிருந்துச்சே…"

"அதத்தானுங்க போட்டேன். ஏனுங்க, முட்டைய ஆராச்சும் ஒண்ணொண்ணா எண்ணுவாங்களா? நீங்க ஊட்டுக்கு முட்டை வாங்கறப்ப எப்பிடி கேப்பீங்க?"

"ஒரு அட்டைன்னு."

"அப்பறமென்னங்க!"

முந்நூற்றுப் பன்னிரண்டை முப்பதால் பெருக்கி, பத்தைக் கூட்டினால் ஒன்பதாயிரத்து முந்நூற்று எழுபது. கோழிகள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டிருந்தன. கோழி ஒழுங்காகத் தன் வேலையைச் செய்திருந்தது, அந்த அம்மா செய்திருந்தார், சாஃப்ட்வேரும் கொடுத்த எண்ணை வைத்து ஒழுங்காகத்தான் பயந்திருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர் முட்டையை அட்டை அட்டையாகத் தின்று வளர்ந்து, அட்டை என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்கூட வராமல் கோழிப்பண்ணைக்கு வழிகாட்டி எழுதியவன் ஒருத்தன்தான் அந்த அறையில் இருந்தான்.

"தப்பு என்னோட புஸ்தகத்துலதானுங்கம்மா" என்றேன்.

"அது நீங்க எழுதுனதுங்களா?" என்றார் நிஜமான ஆச்சரியத்தோடு. "நான் வெளிநாட்டுக்காரங்க ஆரோன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

இதை மச்சானிடம் சொல்ல வேண்டும். தீவன அறையை மூன்று சுற்று சுற்றினேன். மச்சானிடம் ஒரு விஷயத்தைச் சொல்வது மைக்கில் சொல்வது மாதிரி. சாயங்காலத்துக்குள் மோகனூர்வரைக்கும் போய்விடும். அதுவும் எழுத்தாளன், படித்தவன் என்று அவர் வீட்டு விசேஷங்களில் என்னை முன்வரிசையில் உட்காரவைக்கிறார். சொல்லாவிட்டால், வெறும் சாஃப்ட்வேர்க் கோளாறாகவே போய்விடும். அந்த அம்மா மட்டும் தள்ளுவண்டிக்குப் போவார். நாலாவது சுற்றில் மச்சானே எதிரில் வந்தார். சொன்னேன். சாஃப்ட்வேரைத் திறக்காமலே எழுதியது உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டு பேருக்குப் போன் போட்டார். அதையெல்லாம் முடித்துவிட்டு, "தப்பு உங்குளுதாவே இருக்கட்டுமுங்க மாப்ள" என்றார். "ஆனா ஞாயித்துக்கெழமை நான் உக்காந்து பாப்பேன். போன வாரம் ஏழு நாளு, நாலு ஷெட்டு, அத்தனையும் சரியா ஏறியிருக்கோணும். இல்லீன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

மூன்று நாள் இருந்தது. வீட்டுக்கு ஓடி ஒன்பதாவது வடிவத்தை எழுதினேன். 'அட்டை: ஓர் அறிமுகம்' என்று ஒரு துணைத்தலைப்புகூட வைத்து, வைத்த கையோடு அடித்தேன். மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு போய் நின்றபோது, லேப்டாப் மூடியின் உள்பக்கம், திரைக்குப் பக்கத்தில், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தது. பின்பக்கத்தில் அந்த அம்மாவின் கையெழுத்து:

'கையக் களுவிட்டு உக்காரு.
எந்த ஷெட்டுன்னு பாரு. ஒண்ணோடத ரெண்டுல போட்றாத.
அட்டைய முப்பதுல பெருக்கு. சில்லறையக் கூட்டு. புள்ளி வெக்காத.
செத்தத மறைக்காமப் போடு.
நீலத்த அமுக்கு. பச்சை டிக்கு வார வரைக்கும் எந்திரிக்காத.
செவப்பு வந்தா ஓடாத, கத்தாத. நெம்பர மறுக்காப் பாரு.'

என் பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க வர நேரமாவும்னு நானே எழுதிட்டனுங்க" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல். "தப்பா இருந்தாச் சொல்லுங்க."

மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு, தப்பே இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். ஒரு ஷெட்டு முடியும், "ம்" என்பார். அந்த அம்மா நோட்டின் பக்கத்தைத் திருப்புவார். இரண்டாம் ஷெட்டு, "ம்". மூன்றாம் ஷெட்டில் வியாழக்கிழமை இடத்தில் கால்குலேட்டரை மூன்று தடவை தட்டினார். நான் நடப்பதை நிறுத்தினேன். "இது எங்கியோ இடிக்குதே."

அந்த அம்மா அசையவில்லை. "அண்ணா, நீங்க சில்லறையக் கூட்டாம உட்டுட்டீங்க."

மச்சான் மறுபடி தட்டினார். "ம்."

நாலாவது ஷெட்டும் முடிந்தது. எழுந்து வேட்டியை உதறினார். "சரிம்மா. நீயே பாத்துக்க. ஆளெல்லாம் எதுக்கு."

"சரிங்கண்ணா. சேரு ஒண்ணு கொஞ்சம் ஒசரமா வாங்கிக் குடுத்துருங்க. இதுல உக்காந்தா முட்டி மடங்க மாட்டீங்குது" என்றார் அந்த அம்மா, கேட்கும் நேரம் பார்த்து. மச்சான் சரி என்றுவிட்டார். அன்றைக்கு முதல்முறையாக நான் உட்கார்ந்தேன்.

அந்தத் தாளை அப்படியே திட்டத்துக்கு அனுப்பலாமா என்று அவரிடம் கேட்டேன். தாராளமாக என்றார். பெயரைப் போடலாமா என்றேன்.

"அய்யோ சாமி, வேண்டாமுங்க. நாளைக்கு எந்த ஊருலயாச்சும் முட்டை கொறஞ்சா என்னையத்தான் கேப்பாங்க."

ஆறு வரியையும் போட்டு, ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊரிலும் அட்டைக் கணக்குதான் என்று முன்பின் தெரியாத இரண்டு நாட்டுக்காரர்கள் கீழே எழுதினார்கள்; அட்டைக்கு ஒரு கட்டம், சில்லறைக்கு ஒரு கட்டம் என்று சாஃப்ட்வேரையே மாற்றுவதாகப் பேச்சு. 'சிவப்பு வந்தால் ஓட வேண்டாம், கத்த வேண்டாம்' என்ற வரியை எல்லா மொழிகளிலும் சேர்க்கச் சொல்லிப் பராமரிப்பாளர் எழுதியிருந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்த கடிதங்களிலேயே அதுதான் நீளமானது, நாலு வரி. பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயர் ஏறியது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, லேமினேட் செய்து, ஒன்றைப் பண்ணையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி விடைத்தாள் கட்டை இறக்கி வைத்துவிட்டு, நின்றபடியே அதை வாங்கிப் படித்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். இரண்டாம் தடவை லேசாகச் சிரித்ததுகூடத் தெரிந்தது. நான் கால் ஆடாமல் பக்கத்தில் நின்றேன்.

"நல்லாருக்குதுங்க" என்றார். "ஆரு எழுதுனது?"

பண்ணையில் பதிவேடு எழுதுகிற அம்மா எழுதியது, நான் டைப் செய்து அனுப்பினேன் என்றேன்.

"அப்பிடிங்களா" என்று கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க வேற ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?"